நத்தையைப் பொறுக்கியவள்

அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் சாந்தாமணியின் வீட்டு அடுப்பில் பதினாறு வருடமாகக் கறி வெந்ததில்லை. முட்டைகூட உடைந்ததில்லை. கோழி தின்ன ஆசை வந்தால் நஞ்சுண்டன் காரை எடுப்பார். பிரியாணி வாங்கிக்கொண்டு காஸ்ட்கோ கடைப் பார்க்கிங்கின் கடைசி வரிசைக்குப் போய், கண்ணாடியை இறக்கிவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் மகளுமாக மூன்று பேரும் வண்டிக்குள்ளேயே சாப்பிடுவார்கள். எலும்பைப் பையில் கட்டி அங்கேயே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, ஈரத்தாளில் கை துடைத்து, ஆளுக்கொரு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். மகள் கயலுக்கு ஐந்து வயதிருக்கும்போது, குடும்ப வழக்கம் ஒன்றை வரைந்துவரச் சொன்னார்கள் பள்ளியில். காருக்குள் மூன்று பேர் கோழிக்கால் கடிப்பதை வரைந்து கொடுத்தாள். பிக்னிக் என்று டீச்சர் பாராட்டினார்.

இத்தனை ஒளிவுக்கும் காரணம் சாந்தாமணியின் டப்பா. திங்கள் முதல் வெள்ளி வரை நாற்பத்திரண்டு தமிழ் வீடுகளுக்கு அவள் கையால்தான் ராத்திரிச் சாப்பாடு. வாட்ஸாப்பில் 'சாந்தாமணி கிச்சன் - சுத்த சைவம்' என்று ஒரு குழு. ஞாயிறு காலையில் அந்த வாரத்து மெனுவை அதில் போடுவாள். சாயங்காலத்துக்குள் ஆர்டர்கள் வந்துவிடும். சாஃப்ட்வேர்காரர்கள், மருந்துக் கம்பெனிக்காரர்கள், டாக்டர்கள். நவராத்திரிச் சுண்டல், வளைகாப்புச் சித்ரான்னம், திவசத்துக்கு மறுநாள் சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் அவளையே கூப்பிடுவார்கள்.

அந்தக் குழுவின் முதல் ஆள் ஜலஜா. பக்கத்துத் தெரு, மாம்பலத்துக்காரி. இரண்டாயிரத்து ஒன்பதில் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் ஒரு தீபாவளி பாட்லக்கில் சாந்தாமணி கொண்டுபோன கத்திரிக்காய்க் குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"கோயமுத்தூர் பக்கமா நீங்க? பேச்சே இனிக்குதே!"

"கோபிங்க" என்றார் நஞ்சுண்டன். "கோபிச்செட்டிப்பாளையம்."

"ஐயோ, பச்சைப் பசேல்னு இருக்குமே! ஷூட்டிங்கெல்லாம் அங்கதானே எடுப்பாங்க. வீட்டுல என்ன பண்றாங்க?"

"விவசாயக் குடும்பமுங்க."

பொய் இல்லை. நஞ்சுண்டனின் அப்பாவும் சாந்தாமணியின் அம்மாவும் சாகும்வரை விவசாயம்தான் செய்தார்கள், அடுத்தவன் நிலத்தில். ஜலஜா அதை நிலபுலன் உள்ள வீடு என்று எடுத்துக்கொண்டாள். "கவுண்டர் ஆத்துச் சமையல்னா கேக்கணுமா!" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அது சாந்தாமணியின் காதிலும் விழுந்தது, நஞ்சுண்டன் காதிலும் விழுந்தது. இல்லைங்க, நாங்க அருந்ததியர் என்று திருத்த அரை நிமிடம் போதும். இருவரும் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அரை நிமிடத்தின்மேல்தான் அடுத்த பதினாறு வருட டப்பாவும் நின்றது.

அவள் ஆக்கிப்போட்ட வத்தக்குழம்பையும் மோர்க்குழம்பையும் மைசூர் ரசத்தையும் அவள் பிறந்த வீட்டில் யாரும் கண்ணால் கண்டதில்லை. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பூண்டு கூடாது, அமாவாசைக்கு வெங்காயம் கூடாது என்பதையெல்லாம் மனப்பாடம் செய்தாள். நம் சாப்பாட்டை வெள்ளைக்காரன் கெடுத்துவிட்டான், மஞ்சள்பாலைக் காப்பிக்கடையில் விற்கிறான் என்று இந்த ஊரில் அங்கலாய்க்காதவர்கள் கிடையாது. விமானம் ஏறும்போதே பாதி ஊரின் சாப்பாட்டை இறக்கிவிட்டு வந்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. தென்னிந்தியச் சாப்பாடு என்று பலகை மாட்டி, இட்லி தோசை சாம்பாருக்குள் ஒரு தேசத்தையே அடைத்தாயிற்று. குடலும் ரத்தமும் கருவாடும் நண்டும் தின்று வயல்வேலை பார்த்தவர்களின் வாய் அந்தப் பலகையில் இல்லை. அந்த வாய் அதே ஊரில்தான் இருந்தது, கார் பார்க்கிங்கில் ஏலக்காய் மென்றுகொண்டு.

போன வருடம் பிரின்ஸ்டன் போகும் சாலையில் 'வயல்' என்று ஒரு ரெஸ்டாரன்ட் திறந்தார்கள். நடத்துபவள் ஷ்யாமளா, தஞ்சாவூர்க்காரி. கணவர் கஸ்தூரிரங்கன் பெரிய இதய டாக்டர். ஷ்யாமளா கன்சல்டிங் வேலையை விட்டுவிட்டு, மண்ணோடு ஒட்டிய தமிழ்ச் சமையலை அமெரிக்காவுக்குக் காட்டப்போவதாகப் பத்திரிகைகளில் பேட்டி கொடுத்தாள். அங்கே ரசம் வைன் கிளாஸில் வரும். கம்பஞ்சோறு, ரிசோட்டோ என்ற இத்தாலியச் சோறாகிவிட்டது. பழைய சோற்றுக்கு 'இருபத்துநாலு மணி நேரம் நொதித்த பாரம்பரிய அரிசி' என்று பெயர். அதைப் படித்த அன்றைக்குச் சாந்தாமணி சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

"ஏனுங்க, எங்கூட்ல தெனமும் நொதிச்சுதுங்க. வேற ஒண்ணும் இல்லாததால."

மசாலாப் பொடிகளுக்காகத்தான் ஷ்யாமளா முதலில் அவளைத் தேடிவந்தாள். பிறகு செவ்வாயும் புதனும் காலையில் கிச்சனுக்கே வந்துவிடச் சொன்னாள். "நீங்கதான் என் சீக்ரெட் வெப்பன்" என்பாள். இனிமையாகப் பேசுகிறவள்தான். அந்த ரெஸ்டாரன்ட்டின் பாதி மெனு அசைவம், ஆனால் ஷ்யாமளா பிறவிச் சைவம். ஆட்டுக்கறியைப் பற்றிப் பத்து நிமிடம் கண் கலங்கப் பேசுவாள். ஒரு துண்டு வாயில் பட்டதில்லை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மரப்பெட்டிகளில் நத்தை வந்து இறங்கியது. நியூயார்க் பக்கம் பண்ணையில் வளர்த்த உயிர் நத்தை. செஃப் க்ரிஷ் இங்கேயே பிறந்து, பிரெஞ்சு ஓட்டல்களில் தொழில் கற்றவன். டப்பாவில் அடைத்து வரும் நத்தையை மட்டுமே கையாண்டவன். கொதிநீரில் போட்டு எடுத்து, இடுக்கியால் பிடித்து இழுத்தான். பாதி அறுந்து வந்தது, பாதி ஓட்டுக்குள் நின்றுகொண்டது. மேசையெல்லாம் கோழை. மூன்றாம் முறையும் அப்படியே ஆனபோது கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி இடுக்கியை எறிந்தான்.

சாந்தாமணி அந்தப் பக்கம் மல்லி வறுத்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. தப்பாகச் செய்யப்படும் ஒரு வேலையைக் கை தெரிந்தவள் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்?

"அப்படி இல்ல தம்பி, தள்ளு."

அடுத்த பெட்டி நத்தையைக் கல்லுப்பும் அரிசிமாவும் போட்டு அலசினாள். கோழை நுரைத்து வெளியேற, நாலு தண்ணீர் மாற்றினாள். வயல் நத்தைக்கு வாசலில் ஒரு மூடி உண்டு, இதற்கு இல்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அரை வேக்காட்டில் இறக்கினாள். பிறகு தாலிக்கொடியில் எப்போதும் தொங்கும் ஊக்கைக் கழற்றி நுனியை நீட்டி, நத்தையின் வாயில் குத்தி, ஓட்டின் சுழிப்பு போகிற திசையிலேயே மணிக்கட்டைத் திருப்பினாள். முழுசாக வந்தது. வாலில் சுருண்டிருந்த கழிவைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி எறிந்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. வாய் எண்ணவில்லை, கண்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் ஒரு கிண்ணம் நிறைந்தது. மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறி, சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப்போட்டு வதக்கி, க்ரிஷ் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தாள்.

அவன் மென்றான். கண்ணை மூடிக்கொண்டான். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"எங்கம்மா" என்றாள் அவளும் ஆங்கிலத்தில்.

சொன்ன பிறகுதான் கதவோரம் நின்ற ஷ்யாமளாவைப் பார்த்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"சாந்தாமணி... நீங்க சைவம் இல்லையா? சின்ன வயசுல..."

சாந்தாமணி ஊக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓ" என்றாள் ஷ்யாமளா.

அந்த 'ஓ' சாந்தாமணிக்குப் பழக்கமானது. கல்லூரி விடுதியில் கேட்டிருக்கிறாள், சென்னையில் வாடகை வீடு தேடியபோது கேட்டிருக்கிறாள். நத்தை தின்பவர்கள் பல சாதியிலும் உண்டு. நத்தை உரிப்பதை மூச்சு விடுவதுபோலச் செய்யும் கைகள் எந்தத் தெருவில் இருக்கும் என்று தஞ்சாவூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாதா? ஷ்யாமளாவின் முகம் ஒரு கணம் ஒதுங்கியது. மறுகணம் மலர்ந்தது. "திஸ் இஸ் கோல்ட்!" என்றாள்.

சாந்தாமணியின் அம்மா பெயர் மாராயாள். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் பண்ணாடி ஒருவரின் நிலத்தில் நாற்று நட்டவள். நடவு முடிந்து கரையேறும்போது மடியில் நத்தை கட்டிக்கொண்டு வருவாள். ருசிக்காக அல்ல. அந்த வீட்டுக்கு வேறு கறி கிடையாது. பள்ளியில் பிள்ளைகள் மூக்கைப் பொத்தி 'நத்தை' என்றே சாந்தாமணியைக் கூப்பிட்டார்கள். அதே பண்ணாடிக்கு மூலம் வந்தபோது, நத்தைக்கறி நல்லது என்று யாரோ சொன்னார்கள். வாரம் ஒருமுறை அவர் வீட்டுத் தூக்குப்போசி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நீளும். மாராயாள் கை படாமல் மேலேயிருந்து குழம்பை ஊற்ற வேண்டும். அவர் அதை மோட்டார் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தின்பார். ஒருநாள் அவர் மகன், பத்து வயதுப் பொடியன், "ஏ மாராயா, இன்னிக்கு உப்புப் பத்தலையாம்" என்று வேலியோரம் நின்று அதட்டினான். அம்மா "சரிங்க சின்னப் பண்ணாடி" என்றாள். அன்றைக்குச் சாந்தாமணி வைத்த வைராக்கியம்தான் படிப்பு, பட்டம், கல்யாணம், விமானம் எல்லாம்.

அந்த விமானத்தில் அம்மாவை மட்டும் அவள் ஏற்றவில்லை. விசா கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னாள். உண்மையில் விண்ணப்பமே போடவில்லை. அம்மா இங்கே வந்து ஜலஜாவைப் பார்த்து "கும்பிடறனுங்க சாமி" என்று கையெடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. "அடுத்த வருஷம் வா அம்மா" என்று ஒன்பது வருடம் சொன்னாள். பத்தாம் வருடம் மாராயாள் செத்துப்போனாள்.

நத்தை உரித்ததற்கு மறுநாள் க்ரிஷ் புது மெனு அட்டையின் மாதிரியைக் காட்டினான். அந்த ரெஸ்டாரன்ட்டில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் கீழே, அது யாருடையது என்று பொடி எழுத்தில் போடுவார்கள். வெண்ணெய் பென்சில்வேனியாவில் எந்தப் பண்ணை, உப்பு எந்தக் கடற்கரை, தட்டு வனைந்த குயவர் யார் என்று எல்லாம் இருக்கும். மாட்டின் பெயர்கூட ஒருமுறை வந்திருக்கிறது.

"நத்தைக்கு உங்கள் அம்மா பெயரைப் போட வேண்டும். எப்படி எழுதுவது?" என்றான் க்ரிஷ்.

அவள் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். படிவங்களில் தவிர அந்தப் பெயரை அமெரிக்காவில் அவள் எழுதியது அதுதான் முதல் முறை. வீட்டுக்குக் கார் ஓட்டி வரும்போது, அந்த அட்டையில் அந்தப் பெயர் வந்தே ஆக வேண்டும் என்று நினைத்தாள். வேறு எதையும் அவள் இவ்வளவு வேண்டியதில்லை, கிரீன் கார்டைக்கூட.

"கிறுக்கா புள்ள உனக்கு?" என்றார் நஞ்சுண்டன். "இந்தூருச் சனம் பாதி அந்த ஓட்டலுக்குத்தான் போவுது. மாராயாள்னு பாத்தா ஒருத்தனுக்கும் புரியாதுன்னு நெனைக்கறயா? உன்ற டப்பா போவும். என்ற டீம்ல பத்துக்கு எட்டுப் பேரு நம்மூர்க்காரன். மத்தியானம் எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து திங்கறம். நாளைக்கு எவனாச்சும் தட்டைத் தள்ளி வெச்சான்னா?"

"தள்ளட்டுமுங்க."

"சொல்றது சுளுவு."

"அம்மாள இங்க கூட்டிட்டு வரலீங்க நாம. பேராச்சும் வரட்டும்."

மாடிப்படியில் கயல் நின்றுகொண்டிருந்தாள். பதினெட்டு வயது. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும்.

"வெயிட். ஒருத்தன் ஏன் தட்டைத் தள்ளணும்? வாட் ஆர் வி?"

சொன்னார்கள். அப்பா பாதியும் அம்மா மீதியுமாக. கயல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலேஜில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யக் கேட்டுப் போன செமஸ்டரில் ஒரு மனு சுற்றியது, அதில் தானும் கையெழுத்துப் போட்டதாக ஆங்கிலத்தில் சொன்னாள். "வேறு யாருக்கோ உதவுகிறேன் என்று நினைத்துப் போட்டேன்." பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "யூ மேட் மீ ஈட் இன் த கார், அம்மா. என் வாழ்க்கை முழுக்க."

சாந்தாமணி போய் அந்தப் படியில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த செவ்வாய் ஷ்யாமளாவிடம் நேராகவே கேட்டாள்.

"அட்டையில எங்கம்மா பேரு வரணுமுங்க. மாராயாள்."

"அஃப் கோர்ஸ்! எவ்ளோ பியூட்டிஃபுல்லான பேர்!" ஷ்யாமளா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்க கையை வீடியோ எடுக்கணும், சரியா? முகம் வேண்டாம். கை போதும். அந்த சேஃப்டி பின்... கடவுளே!"

எடுத்தார்கள். மூன்று வாரம் க்ரிஷும் அவளும் அந்தப் பதார்த்தத்தோடு மல்லுக்கட்டினார்கள். குழம்பு போய் வறுவல் ஆனது. நல்லெண்ணெய் போய்க் கறிவேப்பிலை போட்ட வெண்ணெய் வந்தது. காரம் பாதியானது, பிறகு கால். சோற்றுக்குப் பதில் ஒரு துண்டு புளித்தமாவு ரொட்டி. ஒவ்வொன்றுக்கும் சாந்தாமணி தலையாட்டினாள். பெயர் வரப்போகிறதே. எண்ணெய் போனால் போகட்டும்.

புது மெனுவின் முதல் நாள் ஒரு சனிக்கிழமை. சாயங்காலம் ஐந்தரைக்கே கூடம் நிரம்பிவிட்டது. கிச்சனில் முதல் சுற்று நத்தை தட்டேறியதும், சாந்தாமணி அடுக்கி வைத்திருந்த அட்டைகளில் ஒன்றை எடுத்தாள். நத்தையின் கீழே வெண்ணெய்ப் பண்ணை இருந்தது. நத்தைப் பண்ணை இருந்தது. குயவர் இருந்தார். அதற்குக் கீழே: 'காவிரிக்கரையில் ஷ்யாமளாவின் தாத்தாவுக்குச் சொந்தமான நெல்வயல்களில் மழைக்காலந்தோறும் பொறுக்கப்பட்டது. அந்த நினைவிலிருந்து.'

மறுபடி படித்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். க்ரிஷைப் பார்த்தாள். அவன் அடுப்பைப் பார்த்தான். "அச்சுக்குப் போகும்முன் ஷ்யாமளா மாற்றிவிட்டார். எனக்கு நேற்றுத்தான் தெரியும்" என்றான்.

கையில் அட்டையோடு ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் நடந்தாள். நடு மேசையில் ஷ்யாமளா நின்று பேசிக்கொண்டிருந்தாள். அங்கே நாலு வெள்ளைக்காரர்கள். பக்கத்து மேசையில் கல்யாண நாள் கொண்டாட வந்த ஜலஜாவும் அவள் கணவரும். ஜலஜாவின் முன்னால் பாதி காலியான நத்தைத் தட்டு. சின்ன முள்கரண்டியால் ஒன்றைக் குத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் இதைச் சாப்பிட்டு வளர்ந்தவரா?" என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஷ்யாமளாவைக் கேட்டார்.

"என்னைச் சுற்றி எங்கும் இருந்தது" என்றாள் ஷ்யாமளா, நெஞ்சில் கை வைத்து.

ஜலஜாதான் முதலில் பார்த்தாள். "சாந்தாமணி! நீங்க இங்க என்ன பண்றீங்க?" பார்வை ஏப்ரனுக்குப் போனது. அதில் மஞ்சளும் கோழையும் கறையாகக் காய்ந்திருந்தன. முகம் மாறியது. "ஐயையோ, இதையெல்லாம் நீங்க தொடறீங்களா? அதே கையாலயா எங்களுக்கு டப்பா..."

"நீங்க தின்னுட்டுதான இருக்கீங்க?" என்றாள் சாந்தாமணி.

"அது வேற. நாங்க பாரிஸ்லயே சாப்பிட்டிருக்கோம். வெளியில சாப்பிடறது வேற, வீட்டுக்குள்ள வர்ற சாப்பாடு வேற இல்லையா? வெள்ளிக்கிழமை சாமிக்கு நைவேத்யமே உங்க சாதம்தானே வெக்கறேன்!"

ஷ்யாமளா குறுக்கே வந்தாள், சிரித்துக்கொண்டே. "ஜலஜா, ரிலாக்ஸ். சாந்தாமணி பொடி செக்‌ஷன் மட்டும்தான். நான்-வெஜ் பக்கமே வரமாட்டாங்க. ஏதோ சிந்திடுத்து அவ்ளோதான்." சாந்தாமணியின் தோளைப் பிடித்து மெல்லக் கிச்சன் பக்கம் திருப்பினாள். கதவு மூடியதும் குரலைத் தாழ்த்தினாள். "காப்பாத்திட்டேன் பாத்தீங்களா?"

"அட்டையில எங்கம்மா பேரு எங்கீங்க?"

"அதுவும் உங்களுக்காகத்தான். யோசிச்சுப் பாருங்க. அந்தப் பேரைப் போட்டா, நீங்க யாருன்னு ஒரே நாள்ல ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடும். உங்க டப்பாவை அப்பறம் யார் வாங்குவா? நான் சொல்லல, உலகம் அப்படி. அதோட இங்க இருக்கறவா சந்தோஷமா சாப்பிட வர்றா. அவாகிட்டப் போய் பாலிடிக்ஸ் எதுக்கு?"

"உங்க தாத்தா வயல்ல நத்தை பொறுக்குனது யாருங்க?"

"என்னது?"

"பொறுக்கப்பட்டதுன்னு போட்டிருக்கீங்க. தாத்தாவா பொறுக்கினாரு? தாத்தா வயல் பேரு இருக்குது, உங்க பேரு இருக்குது, வெண்ணெய்க்காரன் பேரு இருக்குது. குனிஞ்சு பொறுக்குனவ பேரு எங்க?"

ஷ்யாமளா கோபப்படவில்லை. வருத்தப்பட்டாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "பதினாறு வருஷமா அந்தப் பேரை மறைச்சது நானா சாந்தாமணி?" என்றாள்.

சாந்தாமணி ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியேறினாள்.

கார் ஓட்டிக்கொண்டு வரும்போது ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது. ஷ்யாமளா திருடியது உண்மை. ஆனால் அந்தத் திருட்டுக்கு வேண்டிய திரையைப் பதினாறு வருடமாக நெய்து கொடுத்தவள் தான்தான். எந்த வாய் அம்மாவின் பெயரை விழுங்கியதோ அந்த வாயே அதைத் துப்பினால்தான் உண்டு. வேறு எந்த அட்டையிலும் அது வராது.

ஞாயிறு காலை. நாற்பத்திரண்டு வீடும் மெனுவுக்குக் காத்திருக்கும் நேரம். நஞ்சுண்டன் எதிரே உட்கார்ந்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. "எல்லாத்தையும் போட்டுரு. பாதி வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். கயல் பின்னால் நின்றுகொண்டு, தமிழ் எழுத்தைக் கூட்டிக்கூட்டிப் படித்தாள்.

'இந்த வாரம் திங்கட்கிழமை: சோறு, நத்தைக் குழம்பு. எங்கம்மா மாராயாள் கற்றுக் கொடுத்தது. அவர் கோபி பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். நாங்கள் அருந்ததியர். விவசாயக் குடும்பம் என்று சொன்னோம், யாருடைய நிலம் என்று சொல்லாமல் விட்டோம். அது எங்கள் தப்பு. சைவ டப்பா வேண்டியவர்களுக்கு எப்போதும்போல உண்டு, தனிப் பாத்திரத்தில். கை மட்டும் அதே கைதான்.'

அனுப்பினாள்.

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு பெயர் வெளியேறியது. அப்புறம் இரண்டு, ஏழு. யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. இந்த ஊரில் சொல்லவும் மாட்டார்கள். தனித்தனியாகச் செய்தி வந்தது. ஒருத்தி கீட்டோ டயட் ஆரம்பித்திருக்கிறாளாம். ஒருத்திக்கு மாமியார் ஊரிலிருந்து வருகிறாராம், சமையலை அவர் பார்த்துக்கொள்வாராம். பிரிட்ஜ்வாட்டரில் இருக்கும் டாக்டர், நத்தையில் ஒட்டுண்ணி இருக்கும் என்று ஒரு மருத்துவக் கட்டுரையை அனுப்பிவிட்டு, அதற்காக மட்டும்தான் என்று எழுதினார். வளைகாப்புக்குச் சொல்லியிருந்த வீட்டில் வளைகாப்பையே தள்ளிப்போட்டுவிட்டார்களாம். குழந்தை மட்டும் தேதி மாறாமல் பிறக்கும் போலிருக்கிறது.

ஜலஜாவின் செய்தி மத்தியானம் வந்தது. நீளமானது.

'சாந்தாமணி, எனக்கு கேஸ்ட் எல்லாம் ஒரு ப்ராப்ளமே இல்ல. என் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் எல்லா கம்யூனிட்டியிலும் இருக்காங்க. ஆனா பதினாறு வருஷம் பொய் சொன்னீங்களே, அதான் ஹர்ட் ஆயிடுத்து. ட்ரஸ்ட் போயிடுத்து. டேக் கேர்.'

அதை அனுப்பிய கையோடு அவளும் குழுவிலிருந்து வெளியேறினாள். அவளுடைய முகப்புப் படம் முந்தின நாளே மாறியிருந்தது: 'வயல்' ரெஸ்டாரன்ட்டில் முள்கரண்டியும் கையுமாக.

சாயங்காலம் ஆறு மணிக்குக் குழுவில் மூன்று பேர் மிச்சம். சாந்தாமணி, நஞ்சுண்டன், அனந்தராமன். அனந்தராமன் டெக்சாஸுக்குக் குடிபோய் மூன்று வருடமாகிறது. குழுவை மியூட் செய்துவிட்டு மறந்துபோனவர்.

சாந்தாமணி குழுவின் பெயரைத் தொட்டாள். 'சுத்த சைவம்' என்பதை எழுத்தெழுத்தாக அழித்தாள். தன் பெயரையும் அழித்தாள். 'மாராயாள் கிச்சன்' என்று அடித்துச் சரி கொடுத்தாள். பெயர் மாறியதாக அந்த வெறும் குழுவுக்குள் ஒரு வரி வந்து விழுந்தது. கயல் மேசைக்கடியிலிருந்து பெரிய குண்டாவை இழுத்து, நாளைக்கு எத்தனை பேருக்கு என்று கேட்டாள்.

"மூணு பேருக்கு" என்றாள் சாந்தாமணி. "வீட்டுக்குள்ளயே."